விலைச் சீட்டு கிழியாத பென்சில்கள்

பழைய ஜப்பானிய மெக்கானிக்கல் பென்சில் சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கனவுதான். ஜப்பானில் ஏதோ ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் வயதான ஒருவர் நடத்தும் ஸ்டேஷனரி கடை. எடுத்து நடத்தப் பிள்ளைகள் யாரும் வராததால் மூடப்போகிறார். அடி இழுப்பறையைத் திறந்தால், 1980-களில் வந்து விற்காமல் தங்கிப்போன பென்சில்கள், ஒட்டிய விலைச் சீட்டு ஒட்டியபடி கிடக்கின்றன. இப்படிக் கிடைக்கும் சரக்கை ஜப்பானியர்களும் 'டெட் ஸ்டாக்' என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர்க் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லும் சொல் அங்கே ஏலத் தலைப்பில் விலையை ஏற்றும் சொல்.

கேட்பவர்களுக்கு இது வினோதமாக இருக்கும். ஃபவுண்டன் பேனா சேர்க்கிறேன் என்றால் தலையாட்டுவார்கள். தங்க நிப், அரக்குப் பூச்சு என்று பெருமைக்கு ஏதாவது இருக்கிறது. பென்சிலில் என்ன? பள்ளியில் 'மைக்ரோ டிப்' என்றும் 'பென் பென்சில்' என்றும் சொன்ன அதே சாமான்தானே? லெட் உடைந்தால் பக்கத்து பெஞ்சில் கடன் வாங்குவோம், தொலைந்தால் இன்னொன்று வாங்குவோம். சரி, அதே சாமான்தான். ஆனால் ஏறத்தாழ 1960-லிருந்து 1990 வரை ஜப்பானில் அது ஒரு தொழிலாளியின் கருவியாக இருந்தது. கொத்தனாருக்கு மட்டக்கோல் மாதிரி, தையற்காரருக்குக் கத்தரி மாதிரி. சேகரிப்பாளர்கள் துரத்துவது அந்த முப்பது வருடத்தைத்தான்.

அதற்கு முந்தைய கதையையும் சொல்லியாக வேண்டும், பொருளின் பெயரே அங்கிருந்துதான் வந்தது. 1893-இல் டோக்கியோவில் பிறந்த ஹயகாவா தொகுஜி சிறு வயதிலேயே உலோக வேலை செய்பவர் ஒருவரிடம் தொழில் பழகப் போனவர். 1912-இல் துளை இல்லாத இடுப்பு வாரை மாட்டும் ஒரு பக்கிளைச் செய்து, அதை நம்பித் தனிப் பட்டறை போட்டார். 1915-இல் மெக்கானிக்கல் பென்சில் பக்கம் வந்தார். அந்தப் பொருள் அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் செல்லுலாய்டு உடம்போடு, எளிதில் பழுதாகிற விளையாட்டுச் சாமான் போல இருந்தது. ஹயகாவா உள்ளே பித்தளையில் நுட்பமான திருகமைப்பு வைத்து, வெளியேயும் உலோகத்தில் செய்தார். முதலில் உள்ளூர்க் கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்களாம். குளிர்காலத்தில் பிடித்தால் கை சில்லிடும், கிமோனோவுக்குப் பொருந்தாது என்பது காரணம். யோகோஹாமா வணிகர்கள் வழியாக வெளிநாட்டில் விற்ற பிறகுதான் உள்நாட்டிலும் கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் 'எவர் ரெடி ஷார்ப் பென்சில்'.

1923 செப்டம்பர் 1-ஆம் தேதி கான்தோ நிலநடுக்கம் வந்தது. ஹயகாவா தொழிற்சாலையை இழந்தார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்தார். கடனுக்கு ஈடாகப் பென்சில் உரிமையைக் கைமாற்றிவிட்டு ஒசாகாவுக்குப் போய், 1925-இல் ஜப்பானிலேயே செய்த முதல் கிரிஸ்டல் ரேடியோவைக் கொண்டுவந்தார். நிறுவனம் 1970-இல் பெயரை மாற்றிக்கொண்டபோது எடுத்துக்கொண்டது பழைய பென்சிலின் பெயரை: ஷார்ப். டிவி, கால்குலேட்டர் என்று நம் வீடுகளுக்கும் வந்த அதே ஷார்ப்தான். பென்சில் கைவிட்டுப் போனாலும் அந்தப் பெயர் மக்கள் வாயில் நின்றுவிட்டது. மெக்கானிக்கல் பென்சில் எதுவாக இருந்தாலும், யார் செய்திருந்தாலும், ஜப்பானியர்களுக்கு அது 'ஷார்ப் பென்சில்'. பிள்ளைகள் வாயில் சுருங்கி 'ஷாபென்'.

ஆனால் அந்தக் காலத்துப் பென்சிலை வாங்கி வைத்து இன்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. திருகினால்தான் லெட் முன்னே வரும், அமுக்கினால் வராது. லெட்டும் தடிமன். மெல்லியதாகச் செய்ய ஆசை இருந்தாலும் அப்போதைய லெட் இடம் கொடுக்கவில்லை. இந்தக் கதையின் உண்மையான திருப்பம் பென்சிலில் இல்லை, லெட்டில் இருக்கிறது.

லெட் என்று சொன்னாலும் அதில் ஈயம் கிடையாது, தெரிந்ததுதான். மரப் பென்சிலின் உள்ளே இருப்பது கிராபைட்டையும் களிமண்ணையும் பிசைந்து, இழுத்து, சூளையில் சுட்ட குச்சி. சுமார் 2 மி.மீ. தடிமனும் சுற்றிலும் மரமும் இருப்பதால் தாங்குகிறது. அதே கலவையை அரை மில்லிமீட்டருக்கு இழுத்தால் எழுத ஆரம்பிக்கும் முன்பே பொடிந்துபோகும். பானை ஓட்டை ஊசி மாதிரி செதுக்கினால் என்ன ஆகும், அதேதான்.

1946-இல் தொடங்கப்பட்ட தை நிப்பொன் புங்கு என்ற எழுதுபொருள் நிறுவனம் 1960-இல் களிமண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, செயற்கைப் பிசினைக் கிராபைட்டோடு கலந்து லெட் செய்தது. சுடும்போது அந்தப் பிசினே கரியாகி, கிராபைட் துகள்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடும். மண் இல்லாததால் கோடு கறுப்பாக விழும். கட்டு உறுதியாக இருப்பதால் மெலிதாகவும் செய்யலாம். முதலில் 0.9 மி.மீ. வந்தது. 1962-இல் 0.5, 1968-இல் 0.3, 1973-இல் 0.2. பத்துப் பதின்மூன்று வருடத்தில் தலைமுடியை எட்டிப் பிடிக்கிற அளவுக்கு இறங்கிவிட்டார்கள். அந்த நிறுவனம் 1971-இல் பெயரை மாற்றிக்கொண்டது. இன்று நமக்குத் தெரிந்த பென்டெல் அதுதான்.

இடையில் ஒரு சின்ன விஷயம். 0.5 லெட் உண்மையில் 0.5 இல்லை. ஜப்பானியத் தரநிர்ணயப்படி அது 0.55-க்கும் 0.58-க்கும் இடையில் இருக்க வேண்டும். 0.3 என்பதும் 0.37-க்குக் குறையாது. பெயர்கள் எப்படியோ அப்படியே நிலைத்துவிட்டன.

மெல்லிய லெட் வந்ததும் முதலில் அதைப் பிடித்துக்கொண்டவர்கள் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன்கள். ஜப்பானின் அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரயில், கப்பல், கார், பாலம், தொழிற்சாலை என்று எல்லாமே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள். ஒவ்வொன்றும் முதலில் யாரோ ஒருவரின் மேசையில் காகிதத்தில் கோடாக விழுந்தாக வேண்டும். ஒரே கோட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமனில் இழுப்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். மரப் பென்சிலில் அதற்குக் கோடு இழுக்க இழுக்கப் பென்சிலை விரலால் உருட்ட வேண்டும், அடிக்கடி சீவ வேண்டும். 0.3, 0.5, 0.7 என்று மூன்று பென்சில் கையில் இருந்தால் அந்த வித்தையெல்லாம் தேவையில்லை. எந்தத் தடிமன் வேண்டுமோ அந்தப் பென்சிலை எடுத்தால் போதும்.

அதனால்தான் அந்தப் பென்சில்கள் அப்படி இருக்கின்றன. நுனியில் 4 மி.மீ. நீளத்துக்கு ஊசி போல ஒரு உலோகக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக அல்ல, ஸ்கேலின் விளிம்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் குழாய் அதன் மேல் செங்குத்தாக உரசி ஓட வேண்டும், லெட் எங்கே தொடுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிடிக்கும் இடத்தில் உலோகத்தில் சொரசொரப்பாகக் கட்டம் கட்டியிருப்பார்கள், வியர்த்தாலும் வழுக்காது. மேலே ஒரு சின்ன சன்னல் இருக்கும். வளையத்தைத் திருப்பினால் அதில் எச்பி, எச், 2எச் என்று மாறும். உள்ளே என்ன கடினத்தில் லெட் போட்டோம் என்று மறக்காமல் இருக்க. அளவுக்கு ஏற்ப நிறமும் உண்டு. பென்டெலின் பி200 வரிசையில் 0.3 பழுப்பு, 0.5 கறுப்பு, 0.7 நீலம், 0.9 மஞ்சள். மேசையில் நான்கும் கலந்து கிடந்தாலும் பார்க்காமல் எடுக்கலாம். அந்த வரிசையின் பி205, 1970-ஐ ஒட்டி வந்தது, இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பன்னிரண்டு பட்டை, இறகு மாதிரி கனம். இந்தப் பழக்கத்தில் இறங்க நினைப்பவர் யாராவது என்னிடம் கேட்டால், முதலில் இதை ஒன்று வாங்கி இரண்டு மாதம் எழுதுங்கள் என்பேன். அதுவே போதும் என்று தோன்றிவிட்டால் நிறையப் பணம் மிச்சம்.

நான் ஒரு பென்சிலைக் கையில் எடுத்ததும் முதலில் செய்வது அதன் நுனிக் கூம்பைத் திருகிக் கழற்றுவது. உள்ளே சிறிய பித்தளைத் தாடை ஒன்று தெரியும், மூன்றாகப் பிளந்த மொட்டு மாதிரி. சக் என்பார்கள். அதைச் சுற்றி ஒரு வளையம். மேலே குமிழை அமுக்கினால் தாடை லெட்டைக் கவ்வியபடியே முன்னால் நகரும். கொஞ்ச தூரம் போனதும் வளையம் கூம்பின் உட்புறப் படியில் முட்டி நின்றுவிடும். தாடை மட்டும் இன்னும் முன்னே போய், வளையத்தின் பிடியிலிருந்து வெளியே வந்து, பூ மாதிரி விரியும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் தாடையைப் பின்னால் இழுக்கும். இப்போது லெட்டும் கூடவே பின்னால் போய்விடாமல் யார் பிடித்துக்கொள்வது? கூம்பின் நுனியில், குழாய்க்குச் சற்று உள்ளே, கடுகளவு ரப்பர் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் வேலை லெட்டை லேசாகப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். இவ்வளவு பித்தளை, இவ்வளவு துல்லியம், கடைசியில் எல்லாம் அந்தக் கடுகை நம்பி நிற்கிறது.

பழைய பென்சில்கள் பெரும்பாலும் சாவது அங்கேதான். நாற்பது வருடத்தில் ரப்பர் இறுகிவிடும், அல்லது பொடிந்து உதிர்ந்துவிடும். நீங்கள் அமுக்குவீர்கள், லெட் எட்டிப் பார்க்கும், கையை விட்டதும் உள்ளே போய்விடும். அல்லது பென்சிலைத் தலைகீழாகப் பிடித்தால் லெட் தானாகக் கீழே விழும். சக் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சிலர் மலிவான புதுப் பென்சிலின் நுனியிலிருந்து ரப்பரை எடுத்துப் பொருத்திப் பார்க்கிறார்கள். அளவு அமைந்தால் பென்சில் மறுபடி எழும்.

இதன் நடுவே மாணவர்கள் பக்கம் இன்னொரு கூட்டம் வளர்ந்தது. பைலட் 1978-இல் '2020' என்ற பென்சிலைக் கொண்டுவந்தது. குமிழை அமுக்கவே வேண்டாம், குலுக்கினால் லெட் வரும். உள்ளே ஒரு எடைக்கட்டி மேலும் கீழும் ஓடி, நாம் கட்டைவிரலால் செய்கிற வேலையைச் செய்துவிடும். தேர்வு எழுதும்போது பிடியை மாற்றாமல் எழுதலாம் என்பது விற்பனை வாதம். வகுப்பு முழுக்க டக் டக் என்று குலுக்கும் சத்தம் கேட்டிருக்கும் என்பது என் ஊகம். எழுத எழுதத் தானாகவே லெட் நீளும் பென்சில்களும் வந்தன. அவற்றில் நுனிக் குழாய் காகிதத்தில் பட்டுப் பட்டு உள்ளே தள்ளப்படும். பென்சிலைத் தூக்கியதும் குழாய் முன்னே குதிக்கும், குதிக்கும்போது லெட்டையும் இழுத்துக்கொண்டு வரும். பைலட்டின் ஆட்டோமேக் அந்த ரகம். நல்ல நிலையில் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வார்கள். 1971-இல் வந்த பென்டெலின் கெரி, பேனா மாதிரி மூடி போட்ட பென்சில், சட்டைப் பையில் வைத்தால் துணியைக் குத்தாது. இது இன்றும் விற்பனையில் இருக்கிறது. பிளாட்டினம், தொம்போ, மிட்சுபிஷி என்று மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்த மிட்சுபிஷிக்கும் கார் செய்யும் மிட்சுபிஷிக்கும் தொடர்பு இல்லை என்பதை ஒவ்வொரு புதியவருக்கும் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். நான் இப்போது சொல்லிவிட்டேன்.

1986-இல் பென்டெலின் கிராஃப் 1000, அடுத்த வருடம் ஸ்மாஷ். என் கணக்கில் வரைபடப் பென்சிலின் உச்சம் இந்த இரண்டும்தான். ஸ்மாஷில் நுனியும் பிடியும் தனித்தனித் துண்டு இல்லை. ஒரே பித்தளையைக் கடைந்து, அதில் துளையிட்டு, துளைகள் வழியே ரப்பர் மொட்டுகள் எட்டிப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். எழுதும்போது நுனி லேசாக ஆடுவது, கிளிக் என்று ஒரு மெல்லிய அதிர்வு, அதெல்லாம் இல்லை. இதை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது, கையில் பிடித்தால் ஒரு நொடியில் தெரியும்.

ஆனால் அதே வருடங்களில் மேசைகளின் மேல் கணினி ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டோகேட் மென்பொருள் 1982-லேயே வந்துவிட்டது. 1990-களில் வரைபட அலுவலகங்களில் சாய்வு மேசைகளைக் கழற்றி ஓரத்தில் அடுக்கினார்கள். 0.3-இல் ஒன்று, 0.5-இல் ஒன்று என்று மொத்தமாக வாங்கிய ஆள் காணாமல் போனார். நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலாக நிறுத்தின. அப்படி நிறுத்தப்பட்டதற்கு ஜப்பானிய மொழியில் 'ஹைபான்' என்று பெயர். ஏலத் தளங்களில் தேடும்போது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய முதல் சொல் அது. ஊர்க் கடைகளின் இழுப்பறைகளில் தங்கியது இப்படி நின்றுபோன சரக்குதான்.

ஒரு பென்சில் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது தனி விளையாட்டு. மாடல் எண்ணே பாதி சொல்லிவிடும். கிராஃப் 1000-இன் எண் பிஜி1005 என்றால் ஆயிரம் யென், 0.5 மி.மீ. பைலட்டின் எஸ்3, எஸ்5, எஸ்10, எஸ்20 வரிசை முறையே 300, 500, 1000, 2000 யென்னுக்கு வந்தது. எல்லாம் இந்த விதிக்குள் அடங்காது, பி205-ஐ இப்படிப் பிரித்தால் தப்பாகிவிடும். ஆனாலும் பழகினால் பெயரைப் பார்த்ததும் அது எந்தத் தட்டில் விற்ற பென்சில் என்று தெரிந்துவிடும். அப்புறம் விலைச் சீட்டு. ஜப்பானில் நுகர்வு வரி 1989 ஏப்ரலில் 3 சதவீதத்தில் தொடங்கியது, 1997-இல் 5 ஆனது. ஆயிரம் யென் பென்சிலின் அட்டையில் வரி சேர்த்து 1,030 என்று இருந்தால் இடைப்பட்ட எட்டு வருடத்தில் ஒன்று. 1,050 என்றால் அதற்குப் பிறகு. வரியைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் இன்னும் பழையதாக இருக்க வாய்ப்பு. பார்கோடு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், ஜப்பானில் அது வந்தது 1978-இல். சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பளபளவென்று துடைத்து விற்பவர்களைக் கண்டால் இதனால்தான் கோபம் வருகிறது.

நாம் இங்கிருந்து வாங்குவது எளிதில்லை. ஜப்பானின் ஏலத் தளங்களில் விற்பவர்கள் பெரும்பாலும் உள்நாட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அதற்கென்றே இடைத்தரகு நிறுவனங்கள் இருக்கின்றன. உங்களுக்காக ஏலம் கேட்டு, வாங்கி, கட்டி அனுப்புவார்கள். அவர்கள் கூலி, விமானத் தபால், இங்கே சுங்கம் எல்லாம் சேர்ந்தால் சில சமயம் பென்சிலைவிட அதிகம். அதனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் தருவிப்பது வழக்கம். பட்டியலில் 'ஜங்க்' என்று போட்டிருந்தால், வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் என்னிடம் திரும்பி வராதே என்று பொருள். பயந்து ஓட வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கத் தெரியாத வீட்டுக்காரர்களும் அப்படித்தான் போடுவார்கள். புகைப்படத்தில் நான் பார்ப்பது நான்கு: அழிப்பானை மூடும் தொப்பி இருக்கிறதா, கிளிப் வளைந்திருக்கிறதா, நுனிக் குழாய் நேராக இருக்கிறதா, திருகு மரை ஏறும் இடத்தில் பிளாஸ்டிக்கில் மயிர்க்கோடு போல விரிசல் இருக்கிறதா. குழாய் வளைந்திருந்தால் விட்டுவிடுவேன். ஒருமுறை கீழே விழுந்து வளைந்த குழாய் நிமிராது, நிமிர்த்தினால் உடையும். ரப்பர் பூச்சுப் பூசிய பென்சில்களிடமும் எனக்குப் பயம் உண்டு. காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து, பலாப்பழம் தொட்ட கை மாதிரி ஆகிவிடும். கடலோர ஊர்களில் வைத்துக் காப்பாற்றுவது இன்னும் கஷ்டம்.

எழுதலாமா, எழுதாமல் வைத்திருக்கலாமா என்பது தீராத சண்டை. சீட்டும் உறையும் கலையாத பென்சிலுக்கு விலை அதிகம்; ஒரு கோடு போட்டாலும் குறைந்துவிடும். நான் எழுதுகிற கட்சி. உறையோடு வைத்திருந்தாலும் உள்ளே ரப்பர் கடுகு இறுகிக்கொண்டேதான் இருக்கிறது, அதற்கு நம் கட்சி எது என்று தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதியிருந்ததை நம்பி 0.3 வரைபடப் பென்சில் ஒன்றை வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். வந்ததும் அமுக்கினேன், லெட் வந்தது, உடனே உள்ளே போனது. மறுபடி அமுக்கினேன், மறுபடி போனது. கூம்பைக் கழற்றியபோது ரப்பர் இருந்த இடத்தில் கறுப்புப் பொடி மட்டும் இருந்தது. பிடியின் சொரசொரப்பு கட்டைவிரல் படும் பக்கம் மட்டும் தேய்ந்து, குரோம் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. மாற்று ரப்பர் அமையும்வரை மூன்று மாதம் டப்பாவில் கிடந்தது. சரிசெய்த அன்று உள்ளே லெட் குழாயைக் கவிழ்த்தேன். முழு லெட் ஒன்றும் பாதி லெட் ஒன்றும் விழுந்தன. சன்னலில் 2எச் என்று இருந்தது. அந்தப் பாதி லெட்டைப் போட்டு ஒரு கோடு இழுத்தேன். வெளிறிய, கூரான, சாம்பல் நிறக் கோடு. 2எச்சேதான். இதை வைத்து வரைந்தவர் கடைசியாகப் போட்டதை நான் இன்னும் மாற்றவில்லை.